மூக்குப்பேணியின் அடி

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்கு 44 வயது, யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருக்கிறேன். போன கிழமை இங்கே நடந்த கலை விழாவுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டாம் ஆண்டு படிக்கிறான், சித்திரம் எடுத்திருக்கிறான். காலையில் ஓவிய வகுப்பு என்று போட்டிருந்தார்கள். அவனை இருத்திவிட்டு நான் பின்னால் ஒரு கதிரையில் இருந்தேன். படிப்பித்த பிள்ளை வந்து என்னிடமும் ஒரு தாளும் பென்சிலும் தந்துவிட்டார். மேசையில் ஒரு மூக்குப்பேணி, பக்கத்தில் மூக்கு வைத்த, குடிக்கிற பேணி. பார்த்து வரையுங்கள், அழிக்க வேண்டாம் என்றார். அழிறப்பர் தரவும் இல்லை. ஒரு மணித்தியாலம் பாடுபட்டேன். வந்தது மூக்குப்பேணி மாதிரியே இல்லை. பக்கத்தில் மகன் நிழலெல்லாம் போட்டு வடிவாக வரைந்திருந்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

பின்னேரம் ஓவியர் ஒருவருடைய உரை. திரையில் படங்கள் காட்டிக் கதைத்தார். பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை. ஒரு படம் மட்டும் மனதில் நின்றது. அதை வரைய எத்தனை நாள் எடுத்தது என்று கேட்க ஆசையாக இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் பெரிய பெரிய கேள்விகளாகக் கேட்டார்கள். நான் கேட்காமலே வந்துவிட்டேன்.

இந்த வயதில் வரையப் பழகுவதில் பிரயோசனம் உண்டா? மகனை இப்படியான வகுப்புகளுக்கு அனுப்புவதா, அவனுடைய சித்திர ரியூசனே போதுமா? ஓவியர்கள் ஏன் எங்களுக்கு விளங்குகிற மாதிரிக் கதைப்பதில்லை? நேரம் கிடைத்தால் பதில் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, கோண்டாவில்

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். "வந்தது மூக்குப்பேணி மாதிரியே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் மாதிரி இல்லை என்று எழுதவில்லை. அங்கேயிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் தாளை நான் பார்க்கவில்லை. ஆனாலும் முதல் தரம் வரைகிற அநேகம் பேர் செய்வதைத்தான் நீங்களும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பேணியின் வாயை நல்ல வட்டமாகப் போட்டிருப்பீர்கள். அடியை நேர்கோடாக இழுத்திருப்பீர்கள். வாய் வட்டம் என்பது எங்களுக்குத் தெரியும். அடி மேசையில் தட்டையாக இருக்கிறது என்பதும் தெரியும். தெரிந்ததைக் கை வரைந்துவிடுகிறது. கதிரையில் இருந்து பார்க்கிற கண்ணுக்கோ அந்த வாய் ஒடுங்கிய நீள்வட்டம். அடியும் வளைவுதான். அதுவும் வாயின் வளைவைவிடக் கூடின வளைவு.

நம்பாவிட்டால் குசினியில் இருந்து ஒரு சில்வர் பேணியை எடுத்து வாருங்கள். கண்ணுக்கு நேரே பிடியுங்கள். வாய் ஒரு கோடாகத்தான் தெரியும். மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு திறந்து நீள்வட்டமாகி, மடிக்கு வரும்போது கிட்டத்தட்ட வட்டமாகிவிடும். கண் மட்டத்திலிருந்து எவ்வளவுக்குக் கீழே போகிறதோ அவ்வளவுக்கு விரியும். மேசையில் இருக்கிற பேணியில் வாயை விட அடி கீழே இருக்கிறது. ஆகவே அடி கூட வளைய வேண்டும். நாற்பது வருடமாக அந்தப் பேணியில் தேத்தண்ணி குடித்திருப்போம், இதைக் கண்டிருக்க மாட்டோம்.

அந்தப் பிள்ளை அழிறப்பர் தராதது நல்ல காரியம். பிழையான கோடு தாளில் இருந்தால்தான் சரியான கோடு அதற்கு உள்ளேயா வெளியேயா, எவ்வளவு தள்ளி என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அழித்துவிட்டால் பெரும்பாலும் அதே பிழையைத்தான் அதே இடத்தில் திரும்பப் போடுவோம். அடுத்த தரம் ஒன்று செய்து பாருங்கள். முழங்கையை மடிக்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் பெருவிரலை நகர்த்திப் பேணியின் உயரத்தை அளவுங்கள். பிறகு பென்சிலைக் கிடையாகத் திருப்பி, அந்த அளவில் வாயின் அகலம் எத்தனை பங்கு என்று பாருங்கள். முழங்கை மடிந்தால் பென்சில் கண்ணுக்குக் கிட்ட வந்துவிடும், அளவு மாறிவிடும். மூக்கு வரையக் கஷ்டமாக இருந்தால் மூக்கை விட்டுவிடுங்கள். மூக்குக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடம் என்ன வடிவம்? அதை மட்டும் வரையுங்கள். மூக்கு தன்னாலே வந்து நிற்கும்.

இனி வயதுக் கதை. யாழ்ப்பாணத்தில் வயது வந்தவர்கள் கூடியிருந்து வரைவது இன்றைக்கு நேற்றைக்கு வந்த பழக்கமில்லை. ஓவியர் எஸ். ஆர். கனகசபை முன்னின்று வின்சர் ஆர்ட் கிளப் என்ற ஓவியர் கழகத்தைத் தொடங்கியது 1938இல். அதற்குப் பிறகு ஓவியர் அ. மாற்குவோடு சேர்த்துப் பேசப்படுகிற விடுமுறைக்கால ஓவியர் கழகம். அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லீவு நாளில் கூடி வரைந்த இடம் என்று பெயரே சொல்கிறது. அப்படி ஒரு பழக்கம் இருந்த ஊரில் இன்றைக்கு வகுப்பு என்றால் சிறுவர்களுக்கு, உரை என்றால் விஷயம் தெரிந்தவர்களுக்கு என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் காலையில் வரைந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்கிறவர்கள் பின்னேரம் வெறுங்கையோடு வருகிறார்கள். எனக்கு உள்ள மனக்குறை இதுதான். இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு பாதி. அன்றைக்கு இரண்டிலும் இருந்த மிகச் சிலரில் நீங்களும் ஒருவர்.

உரை விளங்காததற்கு உங்களில் பிழை காண வேண்டாம். எனக்கும் பல உரைகள் விளங்கியதில்லை. மாதக்கணக்காகக் கையாலும் கண்ணாலும் வேலை செய்த ஒருவரை மேடையில் ஏற்றி, ஒலிவாங்கியைக் கொடுத்து, நாற்பது நிமிடம் கதையுங்கள் என்கிறோம். வரைவது ஒரு தொழில், கதைப்பது வேறு தொழில். பயம் வந்துவிடும். பயம் வந்தால் கனமான சொற்கள் வரும், இங்கிலீசும் வரும். தமிழில் சொல் இல்லாத குறை இல்லை. எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம், சிற்பம் போன்ற காண்பியக் கலையைத் தமிழிலேயே படிப்பிக்கிறார்கள், எழுதுகிறார்கள். திரையும் ஒரு கெடுதல் செய்கிறது. கைக்குட்டை அளவு படமும் கதவளவு படமும் திரையில் ஒரே அளவுதான். படத்துக்கு முன்னால் நின்று, இந்த மூலையில் மூன்று தரம் நிறம் மாற்றினேன் என்று விரலால் காட்டிச் சொன்னால் யாருக்குத்தான் விளங்காது? தோற்றுப்போன படம் ஒன்றையும் கொண்டுவந்து காட்டச் சொல்லி விழாக்காரர் கேட்க வேண்டும். பின்னேரம் உரையாற்றப் போகிறவர் காலை வகுப்பில் எங்களோடு இருந்து அந்த மூக்குப்பேணியை வரையவும் வேண்டும். இதை நான் பகிடியாகச் சொல்லவில்லை. ஏற்பாடு செய்கிறவர்கள் யாராவது வாசித்தால் அடுத்த வருடம் செய்து பாருங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். எத்தனை நாள் எடுத்தது? அந்த மண்டபத்தில் கேட்டிருக்கக்கூடிய மிக நல்ல கேள்வி அது. ஒரு மணித்தியாலம் பேணியோடு பாடுபட்டவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். முன்வரிசைக் கேள்விகளுக்கு ஓவியர் ஏற்கெனவே யோசித்து வைத்த பதிலைச் சொல்லியிருப்பார். உங்கள் கேள்விக்கு அவர் நின்று நினைத்துப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். பாதியில் விட்டது, மழைக்காலத்தில் நிறம் காயாமல் கிடந்தது, பிறகு ஒரு நாள் திரும்ப எடுத்தது எல்லாம் அதற்குள்ளே இருந்துதான் வெளியே வரும். எதை அழித்தீர்கள், போதும் என்று எப்படித் தெரிந்தது என்றும் கேட்கலாம். "இதன் கருத்து என்ன" என்று மட்டும் முதலாவதாகக் கேட்காதீர்கள். கேட்டால் அவரும் கருத்தைத்தான் சொல்வார், படத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார்.

ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' (முற்றுப்பெறாத தோம்பு) என்ற புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்து வீட்டை விட்டு வந்தவர்களிடம் போய், அந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கையாலே வரைந்து தரக் கேட்டார். அவர்கள் ஓவியர்கள் இல்லை. அவர்கள் வரைந்த கோடுகள், அவற்றைப் பார்த்துக் கட்டடக்கலை முறைப்படி கீறிய வரைபடம், அவர்கள் சொன்ன கதை, சனாதனன் அதற்கு வரைந்த சித்திரம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது அந்த முதல் கோடுகளைத்தான். வரையத் தெரியாதவர்களின் கோடுகள். அளவு சரியில்லை, ஆனால் எந்த வாசலால் உள்ளே போய் எந்த வாசலால் வெளியே வர வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

1995 ஒக்ரோபர் கடைசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது உங்களுக்குப் பதினான்கு, பதினைந்து வயது இருந்திருக்கும். அப்போது எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கே இருந்திருந்தாலும் அந்த வீட்டை ஒரு தாளில் கீறிப் பாருங்கள். விறாந்தை எத்தனை தூண், கிணறு எந்தப் பக்கம், அடுப்படி யன்னல் எதைப் பார்த்தது. அளவுகோல் வேண்டாம். மகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்யுங்கள், அவன் கேள்வி கேட்பான். அதற்குப் பிறகு ஒரு ஓவியர் வீட்டைப் பற்றி, இல்லாமல் போன இடத்தைப் பற்றிக் கதைக்கும்போது அவருடைய சொல்லில் பாதி பிடிபடாவிட்டாலும் கை எங்கே தயங்கியிருக்கும் என்று உங்களுக்கு விளங்கும்.

மகனுடைய விஷயம். ரியூசனை நிறுத்தச் சொல்ல மாட்டேன். சோதனை இருக்கிறது, புள்ளி வேண்டும், அது உண்மை. ஆனால் நான் படித்த காலத்தில் எங்களுக்குச் சந்தைக் காட்சி ஒன்றைப் பாடமாக்கித் தந்தார்கள். இடது பக்கம் குந்தியிருந்து மரக்கறி விற்கிற அம்மா, வலது பக்கம் குடை, பின்னால் தென்னை. வகுப்பில் முப்பது பேரும் ஒரே அம்மாவை வரைந்தோம். சந்தை பள்ளிக்கூடத்தில் இருந்து பத்து நிமிட நடை. ஒரு நாளும் எங்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. பல வருடம் கழித்து ஒரு கொப்பியோடு போய் நின்றபோதுதான் கண்டேன், விற்கிறவர்கள் ஒரு கையை எப்போதும் தராசிலோ காசிலோ வைத்திருக்கிறார்கள். உடம்பு அந்தக் கைப்பக்கம் சாய்கிறது. நாங்கள் வரைந்த அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு படத்துக்கு இருக்கிறவர் போல இருந்தார்.

மகன் நிழல் போட்டு வடிவாக வரைந்தான் என்று எழுதியிருந்தீர்கள். அவனுடைய தாளை எடுத்து ஒரு விஷயம் பாருங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது? அன்றைக்கு அந்த அறையில் வெளிச்சம் எந்த யன்னலால் வந்தது? இரண்டும் பொருந்தினால் பிள்ளை பார்த்து வரைந்திருக்கிறான், சந்தோசம். பொருந்தாவிட்டால் பாடமாக்கின நிழலைப் போட்டிருக்கிறான். அதற்காகப் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் பக்கத்து ஊரான திருநெல்வேலியின் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கொப்பி, ஒரு பென்சில் போதும். ஆட்கள் அசைந்துகொண்டே இருப்பார்கள், ஆகவே ஒரு ஆளுக்கு அரை நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். சாய்வை மட்டும் பிடித்தால் காணும். முகம் வேண்டாம், விரல் வேண்டாம்.

பென்சிலுக்குப் பதிலாகக் கரியால் வரைய ஆசை வந்தால் அதையும் கடையில் வாங்க வேண்டியதில்லை. இந்தியாவில் கலம்காரித் துணி வரைகிறவர்கள் புளியங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி அதாலேதான் முதற்கோடு போடுகிறார்கள். மெல்லிய குச்சிகளை மூடியுள்ள ஒரு தகரப் பேணிக்குள் இறுக்கி அடுக்கி, மூடியில் சின்ன ஓட்டை போட்டு, அடுப்பில் வையுங்கள். ஓட்டையால் புகை வருவது நின்றதும் இறக்கி, நன்றாக ஆறவிட்டுத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். முதல் தரம் அரைவாசி உடையும், பரவாயில்லை.

அந்தத் தாளை நாலாக மடித்து வைத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். எடுத்து விரித்து, மூலையில் திகதியைப் போடுங்கள். அதற்குப் பக்கத்தில் வேறொரு தாளில் அதே பேணியை இன்னொரு தரம் வரையுங்கள். இந்தத் தரம் அடியில் இருந்து தொடங்குங்கள். இரண்டையும் படம் எடுத்து அனுப்பினால் பார்த்து எழுதுகிறேன். மகனுடைய சந்தைக் கொப்பியையும் பார்க்க ஆசை.

அன்புடன்.