நியூயார்க்கின் துப்பாக்கிச் சட்டங்களை எதிர்ப்பவர்கள்: கேள்வி பதில்

நியூயார்க் மாநிலத்தின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை அங்குள்ள குடிமக்களில் பலர் ஏன் எதிர்க்கிறார்கள் என்று நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அம்மாநிலத்தின் நடுப்பகுதியில் ஒரு சிற்றூரில் பதினெட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன்; கைத்துப்பாக்கி உரிம விண்ணப்பங்களைக் கையாளும் ஒரு சட்ட அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், எதிர்ப்பவர்கள் சொல்லும் குறைகளில் பல நியாயமானவை என்பதை, நாள்தோறும் என் மேசைக்கு எதிரே வந்து அமர்பவர்களிடமிருந்து அறிந்திருக்கிறேன்.

செந்தில்நாதன், சென்னை: பள்ளிக்கூடத்தில் இருபது குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டத்தை ஒருவர் மனசாட்சியோடு எப்படி எதிர்க்க முடியும்?

நீங்கள் குறிப்பிடுவது 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் நகரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் நடந்த படுகொலை. இருபது குழந்தைகளும் பள்ளியின் பெரியவர்கள் ஆறு பேரும் அங்கே கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில், 2013 ஜனவரி 15 அன்று, பக்கத்து மாநிலமான நியூயார்க்கின் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ, துப்பாக்கிகளுக்குக் கடும் கட்டுப்பாடுகள் விதித்த, 'சேஃப் சட்டம்' எனப்படும் சட்டத்தில் கையெழுத்திட்டார். எதிர்ப்பவர்களில் நான் அறிந்த ஒருவர்கூட அக்குழந்தைகளுக்காக வருந்தாதவர் அல்லர். அவர்களுடைய முதல் குறை, சட்டம் இயற்றப்பட்ட விதத்தைப் பற்றியது.

நியூயார்க்கின் அரசியல் சட்டப்படி, ஒரு மசோதா உறுப்பினர்களின் மேசைக்கு வந்து மூன்று நாட்கள் கழித்தே வாக்கெடுப்புக்குச் செல்ல வேண்டும். மக்கள் அதைப் படித்துத் தங்கள் உறுப்பினரிடம் கருத்துச் சொல்வதற்கான அவகாசம் அது. உடனடி வாக்கெடுப்பு தேவை என்று ஆளுநர் எழுத்தில் சான்றளித்தால் அந்த மூன்று நாட்களைக் கடந்துவிடலாம். சேஃப் சட்டத்தில் அதுதான் நடந்தது. ஜனவரி 14 இரவு செனட்டில் 43-க்கு 18 என்றும், மறுநாள் கீழவையில் 104-க்கு 43 என்றும் நிறைவேறி, அன்றே கையெழுத்தும் ஆகிவிட்டது. மக்கள் கருத்துக்கேட்பு எதுவும் நடத்தப்படவில்லை.

அந்த அவசரத்தின் விளைவுகள் விரைவிலேயே வெளிப்பட்டன. ஏழு தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாத மேகசின்களை (துப்பாக்கியில் தோட்டாக்களை நிரப்பி வைக்கும் பெட்டி) மட்டுமே விற்கலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால் பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு அப்படிப்பட்ட மேகசினே சந்தையில் இல்லை. காவல் துறையினருக்கு விலக்கு எழுதவும் மறந்துவிட்டார்கள். பின்னர் அதைத் திருத்தி, பத்துத் தோட்டா மேகசினை வாங்கலாம், ஆனால் அதில் ஏழு தோட்டாக்களை மட்டுமே நிரப்ப வேண்டும் என்றார்கள். பஃபலோவிலிருந்த கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஸ்க்ரெட்னி, 2013 டிசம்பர் 31 அன்று, சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டாலும், அந்த ஏழு என்ற எண்ணை மட்டும் செல்லாது என்று நீக்கினார். நிதானமாக விவாதித்திருந்தால் முதல் நாளிலேயே களைந்திருக்கக்கூடிய பிழை அது.

மீனாட்சி, நியூ ஜெர்சி: தடைசெய்யப்பட்ட துப்பாக்கிக்கும் அனுமதிக்கப்பட்டதற்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற பால்பண்ணையாளர் ஒருவர் எனக்குக் காட்டியதையே சொல்கிறேன். அவரிடம் ஒரு அரைத் தானியங்கி ரைஃபிள் இருந்தது. அதாவது, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா வெளியேறி, அடுத்தது தானாகவே அறைக்குள் வந்து அமரும் வகை. கழற்றி மாட்டக்கூடிய மேகசின் உள்ள அத்தகைய ரைஃபிளில், விசைக்குக் கீழே தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் கைப்பிடி, மடிக்கக்கூடிய பின்கட்டை, குழல் முனையில் தீப்பிழம்பை மறைக்கும் குழாய் போன்றவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே அது தடைக்குட்பட்ட 'தாக்குதல் ஆயுதம்' ஆகிவிடும். பழைய விதியில் இரண்டு அம்சங்கள் வேண்டியிருந்தன. சேஃப் சட்டம் அதை ஒன்றாகக் குறைத்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் அவற்றை மாநிலக் காவல் துறையிடம் பதிவு செய்ய வேண்டும்.

அவர் பதிவு செய்யவில்லை. கைப்பிடியை அகற்றிவிட்டு, படகுத் துடுப்பைப் போலச் சரிந்து இறங்கும் ஒரு பின்கட்டையைப் பொருத்திக்கொண்டார். துப்பாக்கி சட்டப்படி சரியானதாகிவிட்டது. குழல் அதே, தோட்டா அதே, வேகமும் அதே. "நேற்று நான் குற்றவாளி, இன்று நல்லவன்; இடையில் மாறியது ஒரு பிளாஸ்டிக் துண்டு" என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

அருள்மொழி, கோயம்புத்தூர்: எதிர்ப்பவர்கள் எல்லாரும் ஒரே கட்சியினரா? இது நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலான சண்டையா?

கட்சிச் சார்பு பெரிதும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் புவியியல் அதைவிட வலுவானது. மாநில மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நியூயார்க் நகரத்தில் வாழ்கிறார்கள். நகருக்கு வடக்கிலும் மேற்கிலும் நூற்றுக்கணக்கான மைல்கள் விரிந்திருக்கும், 'அப்ஸ்டேட்' என்று அழைக்கப்படும் பகுதியில், நவம்பரில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை ஏறத்தாழ ஒரு திருவிழா நாள். தாத்தாவின் ரைஃபிள் பேரனுக்கு வருவது அங்கே குடும்ப வழக்கம். காவலர் வந்து சேர நெடுநேரம் ஆகும் பண்ணை வீடுகள் ஏராளம். மாநிலத்தின் 62 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) ஐம்பதுக்கும் மேற்பட்டவை சேஃப் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றின. சட்டத்தை நீக்கக் கோரும் அட்டைகள் ஆண்டுக்கணக்கில் வீட்டு முற்றங்களில் ஊன்றப்பட்டிருந்தன, வெயிலில் வெளுத்த பிறகும்.

இதற்கு வெளியேயும் எதிர்ப்பு உண்டு. உளவியல் சிகிச்சை அளிப்போர், பிறருக்கோ தமக்கோ தீங்கு செய்யக்கூடும் என்று கருதும் நோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இச்சட்டம் கட்டாயப்படுத்தியது. 2014 அக்டோபருக்குள் அந்தப் பட்டியலில் சுமார் 34,500 பெயர்கள் சேர்ந்திருந்தன. பெயர் பட்டியலில் ஏறிவிடுமோ என்று அஞ்சி, உதவி தேவைப்படும் முன்னாள் படைவீரர்கள் மருத்துவரிடமே போகாமல் இருந்துவிடுவார்கள் என்ற கவலையைத் துப்பாக்கியே வைத்திராத பலரும் எழுப்பினார்கள். எனக்கும் அந்தக் கவலை உண்டு.

நகரத்துக்குள்ளிருந்தும் ஒரு குரல் எழுந்தது. பிராங்க்ஸ் பகுதியிலும் பிற இடங்களிலும் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்கள், அவர்களில் கறுப்பின வழக்கறிஞர்களும், கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துச் செல்வதற்கான பழைய உரிமச் சட்டத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் மனு அளித்தார்கள். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததற்காகக் கைதாகிச் சிறை செல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களுமே என்பது அவர்களுடைய வாதம்.

ராஜேஸ்வரி, திருச்சி: ஷெரிஃப்களே (கவுண்டிக் காவல் தலைவர்கள்) சட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று சொல்லலாமா? அது சட்டப்படி செல்லுமா?

செல்லாது. இதை எதிர்ப்பாளர்களிடம் நேராகவே சொல்லி வருகிறேன். கூட்டாட்சி அரசு தன் துப்பாக்கிச் சட்டத்தைச் செயல்படுத்தும்படி உள்ளூர் அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அது வாஷிங்டனுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான உறவு பற்றியது. கவுண்டி என்பதோ மாநிலமே உருவாக்கிய அமைப்பு; தன்னை உருவாக்கிய மாநிலத்தின் சட்டத்தை அது தீர்மானத்தால் ரத்து செய்ய முடியாது.

வர்ஜீனியாவில் இது இன்னும் பெரிதாக நடந்தது. 2019 நவம்பர் தேர்தலில் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் வசம் வந்தவுடன், மாநிலத்தின் பெரும்பாலான கவுண்டிகள் தங்களைத் துப்பாக்கி உரிமைக்கான 'புகலிடம்' என்று அறிவித்தன. அத்தீர்மானங்களுக்குச் சட்ட வலு இல்லை என்று அம்மாநிலத் தலைமை வழக்கறிஞர் அந்த டிசம்பரிலேயே கருத்துரைத்தார். ஆனாலும் அவற்றுக்கு அரசியல் வலு இருந்தது. 2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்டில் ஏறத்தாழ 22,000 பேர் திரண்டார்கள். பலர் ரைஃபிள்களைத் தோளில் மாட்டியிருந்தார்கள். வன்முறை நேரும் என்று நாடே அஞ்சியது. முகமூடி அணிந்ததற்காக ஒரே ஒருவர் கைதானதைத் தவிர வேறெதுவும் நேரவில்லை. அடுத்த மாதம், தாக்குதல் ஆயுதத் தடை மசோதா செனட் குழுவிலேயே நின்றுபோனது. பின்னணிச் சரிபார்ப்பை விரிவாக்குவது, மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி என்ற வரம்பு போன்றவை நிறைவேறின. மக்கள் எதனோடு வாழ ஒப்புவார்கள், எதனோடு ஒப்பமாட்டார்கள் என்பதைச் சட்டமன்றம் அந்தக் கூட்டத்திலிருந்து ஓரளவு கற்றுக்கொண்டது என்றே கருதுகிறேன்.

இளங்கோவன், ராச்செஸ்டர்: 2022-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகும் உரிமம் பெறுவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

1911-இல் இயற்றப்பட்ட சல்லிவன் சட்டத்தின் வழிவந்த விதிப்படி, வெளியில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல விரும்புபவர், பிறருக்கு இல்லாத ஒரு தனித் தேவை தமக்கு இருப்பதாக நிரூபிக்க வேண்டியிருந்தது. ரென்செலர் கவுண்டியைச் சேர்ந்த இருவரும் மாநிலத் துப்பாக்கிச் சங்கமும் தொடுத்த வழக்கில், 2022 ஜூன் 23 அன்று, உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த விதியை நீக்கியது. தற்காப்பு உரிமைக்காக ஒரு குடிமகன் அதிகாரியிடம் தன் தேவையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

மாநிலம் எட்டே நாட்களில், ஜூலை 1 அன்று, புதிய சட்டம் இயற்றியது. பதினாறு மணி நேர வகுப்பு, இரண்டு மணி நேரச் சுடுபயிற்சி, நன்னடத்தைக்குச் சான்று கூற நான்கு பேர், மூன்று ஆண்டுகளுக்கான சமூக ஊடகக் கணக்குகளின் விவரம் ஆகியவற்றை அது கேட்டது. உரிமையாளர் அனுமதிப் பலகை வைத்தாலன்றி எந்தக் கடைக்குள்ளும் துப்பாக்கியோடு நுழைவது குற்றமானது. சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பதும், பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் தனியார் இடங்களுக்கான அந்தப் பொதுத் தடையும் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவிட்டது. பயிற்சியும் நன்னடத்தை விதியும் நிலைத்துள்ளன. பயிற்சியை நான் வரவேற்கிறேன். ஆனால் அதற்கான கட்டணமும் விடுப்பும் எங்கள் அலுவலகத்துக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய தடை என்பதை அன்றாடம் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இம்மாநிலத்தில் உரிமம் ஆளுக்கு மட்டுமன்றி, ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் உரியது. அதன் வரிசை எண் உரிமத்தில் ஏற வேண்டும். உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், அவருடைய உடைமைகளுக்குப் பொறுப்பானவர் பதினைந்து நாட்களுக்குள் அவற்றை முறைப்படி ஒப்படைத்தாக வேண்டும். கணவரை அடக்கம் செய்த நான்காம் நாள், ஒரு காலணிப் பெட்டியில் உரிமத் தாள்களை எடுத்துவந்து, "நான் குற்றம் செய்துவிட்டேனா?" என்று கேட்ட ஒரு மூதாட்டியை என்னால் மறக்க முடியவில்லை. அப்படிக் கேட்கும்படி அவரை வைத்தது சட்டத்தின் நோக்கமன்று. ஆனால் அதை எழுதியவர்கள் அவரை நினைத்துப் பார்க்கவும் இல்லை.

ஃபாத்திமா, பஃபலோ: எங்கள் ஊரில் 2022 மே 14 அன்று பத்துக் கறுப்பினத்தவர் பல்பொருள் அங்காடியில் கொல்லப்பட்டார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. எதிர்ப்பாளர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

சகோதரி, அந்த வலிக்கு முன் எந்த வாதமும் சிறியதே. எதிர்ப்பாளர்கள் சொல்வதை முதலில் தருகிறேன். அந்தப் பதினெட்டு வயது இளைஞன் ரைஃபிளை இம்மாநிலத்திலேயே, சேஃப் சட்டத்தின்படியே வாங்கினான்; பின்னர் அதைச் சட்டவிரோதமாக மாற்றி, தடைசெய்யப்பட்ட பெரிய மேகசின்களைப் பொருத்தினான். முந்தைய ஆண்டு, பள்ளியில் அவன் சொன்ன ஒரு சொல்லுக்காக உளவியல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தான். அபாயமானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்க நீதிமன்றத்தை நாடும் சட்டம் 2019 ஆகஸ்ட் முதலே நடைமுறையில் இருந்தும் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஆகவே, இருக்கும் சட்டத்தையே செயல்படுத்தாத அரசு புதிய சட்டங்களால் எங்களைக் கட்டுவானேன் என்று கேட்கிறார்கள்.

இந்த வாதத்தில் பாதியை ஏற்கிறேன். அந்தச் சட்டம் பயன்பட்டிருந்தால் அவன் கடையிலேயே தடுக்கப்பட்டிருக்கக்கூடும். ஆனால் ஒரு துப்பாக்கியை அவ்வளவு எளிதில் மாற்ற முடிந்தது என்பதும், பதினெட்டு வயதில் அதை வாங்க முடிந்தது என்பதும் எதிர்ப்பாளர்கள் கண்ணை மூடிக்கொள்ளக்கூடியவை அல்ல. அடுத்த மாதமே அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு உரிமமும் 21 வயதும் தேவை என்று மாநிலம் விதித்ததை நான் ஆதரித்தேன். என் அண்டை வீட்டாரில் சிலர் அதற்குப் பின் என்னிடம் சில மாதங்கள் பேசவில்லை.

கார்த்திக், ஆல்பனி: எதிர்ப்பால் உண்மையில் என்ன மாறியது?

சேஃப் சட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யும் கட்டளை பெருமளவில் பொருட்படுத்தப்படவில்லை. அந்த விவரத்தைக் கேட்டுத் தொடுக்கப்பட்ட ஒரு வழக்குக்குப் பின் 2015-இல் வெளியான கணக்கின்படி, 23,847 பேர் 44,485 ஆயுதங்களை மட்டுமே பதிவு செய்திருந்தார்கள். தோட்டா வாங்குவோருக்கான பின்னணிச் சரிபார்ப்பு பத்தாண்டுகள் தள்ளிப்போய் 2023 செப்டம்பரில்தான் தொடங்கியது. கொலராடோவில் எதிர்ப்பு இன்னும் கூர்மையாக இருந்தது: அங்கே 2013 செப்டம்பரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்த செனட்டர்களில், செனட் தலைவர் ஜான் மோர்ஸ் உட்பட இருவரை வாக்காளர்கள் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். எனினும், மேகசினுக்கான பதினைந்து தோட்டா வரம்பு அங்கே நீங்கவில்லை.

பெயர் வெளியிட வேண்டாம், லாங் ஐலண்ட்: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் வீட்டில் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். குடியேற்றம் சாரா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர் போன்ற சில விலக்குகளே உண்டு. அது தவிர, இம்மாநிலத்தில் உரிமமின்றிக் கைத்துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றமாகலாம். நாடு கடத்தப்படும் அளவுக்கு இது போகும். கிரீன் கார்டு பெற்றவருக்கு நிலை வேறு. அவர் முறைப்படி விண்ணப்பிக்கலாம்.

வள்ளியம்மை, பிங்ஹாம்டன்: சென்ற ஆண்டு குடியுரிமை பெற்றேன். இந்தச் சட்டங்கள் பற்றி எனக்கும் கருத்து உண்டு, எங்கே சொல்வது?

உங்கள் கவுண்டி சட்டமன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கென நேரம் ஒதுக்கியிருப்பார்கள். பெயரை எழுதிக் கொடுத்தால் சில நிமிடங்கள் பேசலாம். 2013-இல் எங்கள் ஊர்க் கூட்டத்தில் இடமில்லாமல் மக்கள் படிக்கட்டில் நின்றார்கள். அன்று பேசியவர்களில் ஒரே ஒரு பெண் சட்டத்தை ஆதரித்துப் பேசினார், அவர் பேசி முடிக்கும்வரை அவையில் ஒருவரும் குறுக்கிடவில்லை. உங்கள் கருத்து எந்தப் பக்கமாக இருந்தாலும், மசோதாவின் எண்ணையும் பிரிவையும் குறிப்பிட்டு உங்கள் மாநில செனட்டருக்கும் கீழவை உறுப்பினருக்கும் தனித்தனியே கடிதம் எழுதுங்கள்.