பல் எடுக்கப் பயமா? எந்த மயக்க மருந்து நல்லது?

கேள்வி: ஞானப்பல்லை அறுவை செய்துதான் எடுக்க வேண்டுமாம். ஊசியைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும். சிரிப்பு வாயு, இல்லாவிட்டால் நரம்பில் மிடாசோலம் என்கிறார் பல் டாக்டர். மாமியார் தூக்கத்துக்குப் போடும் டயசிபாமில் ஒன்றை விழுங்கிவிட்டுப் போனால் போதாதா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: மாமியார் மாத்திரையை முதலில் மறந்துவிடுங்கள். டயசிபாம் பயத்தைக் குறைக்கும், சரிதான். ஆனால் போட்டதில் பாதி உடம்பை விட்டு இறங்கவே ஒன்றிரண்டு நாள் ஆகலாம், அது சிதைந்து உண்டாகும் பொருள் அதைவிட அதிக நாள் தங்கி அதே மந்தத்தைத் தரும். நீங்கள் சொல்லாமல் போட்டுக்கொண்டு போய், அதற்கு மேல் டாக்டர் மிடாசோலமும் ஏற்றினால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு.

மிடாசோலமும் அதே குடும்பம்தான், ஆனால் 2, 3 மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதால் தேவையான இடத்தில் நிறுத்தலாம். "வாயைத் திறங்க" என்றால் திறப்பீர்கள், அப்புறம் நடந்தது பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. மருந்து மிஞ்சினால் முறிக்க ஃப்ளூமாசெனில் இருக்கிறது. என்றாலும் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி, கைக்கெட்டும் தூரத்தில் ஆக்சிஜன், உங்களை மட்டுமே கவனிக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள், இதெல்லாம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

சிரிப்பு வாயு ரொம்பச் சாது. 1844இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் தன் பல்லையே அதில் பிடுங்கவைத்துப் பார்த்தார். மூக்கில் மாட்டினால் சில நிமிடத்தில் மனசு இளகும், முடிந்ததும் 5 நிமிடம் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். சளியால் மூக்கடைத்திருந்தால் சரிவராது, கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தவிர்ப்பார்கள், பெரிய பயத்துக்கு அது மட்டும் போதாமலும் போகலாம்.

எதை எடுத்தாலும் ஈறு மரத்துப்போகும் ஊசி உண்டு, அதிலிருந்து தப்ப முடியாது. என் யோசனை, முதலில் வாயுவைக் கொடுத்துவிட்டு, பயம் தணிந்ததும் கையில் ஊசி ஏற்றி மிடாசோலம் தர முடியுமா என்று கேளுங்கள். அப்படிச் செய்வது வழக்கத்தில் உண்டு. குறட்டை, ஆஸ்துமா, தினசரி மாத்திரைகள் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள். எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மிடாசோலம் என்றால் துணைக்கு ஆள் கட்டாயம், மறுநாள் வரை ஸ்கூட்டியைத் தொடக் கூடாது.