டோடோவும் சிரிப்பும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்) பற்றி நீங்கள் எழுதுவதை இரண்டு வருடமாக வாசித்து வருகிறேன். ஒரு சின்ன விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நானும் என் தோழிகளும், சாபங்களோடு போராடும் மந்திரப் பள்ளி மாணவர்களின் கதையான ‘ஜுஜுட்சு கைசென்’ தொடரின் ரசிகைகள். ஆனால் நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது சண்டைகளை அல்ல, சிரிப்புக் காட்சிகளைத்தான். டோடோ, கோஜோ, பாண்டா வரும் துணுக்குகளை வெட்டி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். “கதை முழுக்க சாவும் சாபமுமாக இருக்கிறது, அதில் போய் காமெடி தேடுகிறீர்கள், நீங்களெல்லாம் ரசிகர்களா?” என்கிறார் என் அண்ணன். ‘ஷிபுயா’ என்ற கதைப்பகுதியில், பிள்ளைகளுக்கு வழிகாட்டியான நானாமி இறந்த எபிசோடைப் பார்த்த இரவு நன்றாக அழுதேன். மறுநாள் காலையிலேயே ஒரு டோடோ துணுக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல இருக்கிறது. எங்கள் ரசனை மேலோட்டமானதா?

பெயர் வேண்டாம்,
ஒரு கல்லூரி மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை. அந்தக் கதையை அதன் ஆழத்தில்தான் பிடித்திருக்கிறீர்கள். ஏன் என்று சொல்கிறேன். (ஷிபுயா பகுதியை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைப் பிறகு வாசியுங்கள். சில மரணங்களைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.)

டோடோவிலிருந்தே தொடங்குவோம். கியோத்தோ பள்ளி மாணவனான அவன், எட்டாவது எபிசோடில் தோக்கியோ பள்ளி மாணவன் ஃபுஷிகுரோவின் முன்னால் வந்து நிற்கிறான். “உனக்கு எப்படிப்பட்ட பெண்ணைப் பிடிக்கும்?” என்று கேட்கிறான். ஃபுஷிகுரோ, குறிப்பாக அப்படி எதுவும் இல்லை, மனிதத்தன்மை அசையாமல் இருந்தால் போதும் என்கிற மாதிரி பதில் சொல்கிறான். டோடோவின் கண்களில் நீர் வழிகிறது. அந்தப் பதில் அவ்வளவு சலிப்பைத் தந்துவிட்டது! ஃபுஷிகுரோவை அடித்துத் துவைத்துவிட்டு, தகாடா என்ற ஐடல் நட்சத்திரம் ரசிகர்களோடு கைகுலுக்கும் நிகழ்ச்சிக்குக் கிளம்பிவிடுகிறான். பிறகு பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் அதே கேள்வியைக் கதாநாயகன் இதாதோரியிடம் கேட்கிறான். இதாதோரி உயரமான பெண் என்று தொடங்கி மனதில் பட்டதைச் சொன்ன மறுகணம், டோடோவுக்குள் ஒரு பழைய காலம் விரிகிறது. இருவரும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். தகாடாவிடம் காதலைச் சொல்லப்போவதாக டோடோ சொல்கிறான், இதாதோரி வேண்டாம் என்கிறான், மனம் உடைந்து திரும்பும் டோடோவின் பக்கத்தில் நிற்கிறான். இதில் ஒன்றுகூட நடந்ததில்லை. இருவரும் அப்போதுதான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், அதுவும் எதிரணிகளில். ஆனால் டோடோ அழுகிறான், நாம் உயிர்நண்பர்கள் என்று முடிவே கட்டிவிடுகிறான். இதாதோரிக்கு ஒன்றும் புரியவில்லை. நமக்கு வயிறு வலிக்கும் வரை சிரிப்பு.

சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் எண்ணி வைத்திருக்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். மற்ற மூன்றும் சொன்னவுடன் விளங்கும். மடன் என்ற சொல்தான் எனக்குப் பெரிய திறப்பு. உரைகாரர்கள் அதை ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று விளக்குவார்கள். மனதில் ஒன்று ஏறிவிட்டால் பிறகு எதற்காகவும் அதை விடாமல் இருப்பது. டோடோவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இதாதோரி என் நண்பன் என்று கொண்டான், கொண்டதை விடவில்லை.

இப்போது ஷிபுயாவுக்கு வாருங்கள். இதாதோரியின் கண்ணெதிரிலேயே நானாமி போய்விட்டார். வகுப்புத்தோழி குகிசாகி விழுந்துவிட்டாள். எழுந்து நிற்கும் காரணமே இல்லாமல் இதாதோரி கிடக்கிறான். அந்த இடத்துக்கு வருவது கோஜோ இல்லை, டோடோ. வந்ததும் அவன் சொல்வதன் சாரம், நம்மில் ஒருவன் உயிரோடு இருக்கும் வரை விழுந்த தோழர்கள் தோற்றவர்கள் ஆகமாட்டார்கள் என்பது. இதாதோரி எழுகிறான். இல்லாத பள்ளிக்கால நினைவு அங்கே நிஜமான நட்பாகிவிடுகிறது. நம்மைச் சிரிக்கவைத்தபோது டோடோவிடம் இருந்த பிடிவாதம்தான் இதாதோரியைத் தூக்கி நிறுத்தும்போதும் இருக்கிறது, இம்மியும் மாறவில்லை. முதல் காட்சியில் மனம்விட்டுச் சிரிக்காதவருக்கு இரண்டாவது காட்சியில் யாரோ ஒரு பலசாலி உதவிக்கு வந்ததாக மட்டுமே படும்.

இதனால்தான் நல்ல சிரிப்புக் காட்சியைக் கதையின் நடுவே வரும் ஓய்வு என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஒரு பாத்திரத்தின் பலம் எந்த வேரிலிருந்து வருகிறதோ அங்கிருந்தே அதன் வேடிக்கையும் வரவேண்டும். தோக்கியோ பள்ளி மாணவன் இனுமாகியைப் பாருங்கள். அவன் பேசுவதெல்லாம் ஜப்பானியச் சோற்று உருண்டைக்குள் வைக்கும் பொருள்களின் பெயர்கள்தான். ‘சால்மன்’ என்றால் ஆமாம், ‘ஒகாகா’ என்றால் இல்லை. வகுப்புத் தோழர்கள் பாண்டாவும் மாக்கியும் அதைச் சரளமாகப் புரிந்துகொண்டு பதில் சொல்வதைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறோம். ஆனால் அவன் வாயிலிருந்து வரும் சொல் அப்படியே பலித்துவிடும் என்பதால்தானே அந்தப் பாஷை? நண்பர்களுக்குத் தவறிக்கூட ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்று பேச்சையே துறந்த பையன் அவன். அது தெரிந்தபின் ‘சால்மன்’ என்று அவன் சொல்லும்போது நான் முன்பைவிட அதிகமாகச் சிரிக்கிறேன், கூடவே தொண்டை அடைக்கிறது.

அசுரர்களை வேட்டையாடும் கதையான ‘டீமன் ஸ்லேயர்’ தொடரில் நாயகன் தஞ்சிரோவுக்குப் பொய் சொல்ல வராது. ‘கேளிக்கைத் தெரு’ என்ற கதைப்பகுதியில் பெண் வேடமிட்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்திருக்கும்போது அவன் ஒரு பொய் சொல்லியாக வேண்டும். சொல்கிறான். முகம் ஒத்துழைக்க மறுக்கிறது. புருவம் கோணுகிறது, கண்கள் எங்கோ சொருகுகின்றன, உதடு குவிந்து ஒரு பக்கம் இழுக்கிறது. பொதுவாக அனிமேயில் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்), ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று சட்டங்களுக்கு நிறுத்துவார்கள். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அதைவிட அதிக நேரம் நிறுத்துவார்கள். அசையாமல் நிற்கும் அந்த முகத்தை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், சிரிப்பு பொங்கி வருகிறது. அசுரனைக்கூட இரக்கத்தோடு அனுப்பிவைக்கும் மனம்தான் அந்த முகத்தில் தெரிவதும்.

எல்லாச் சிரிப்பையும் நான் ஏற்கவில்லை. அதே தொடரில் தஞ்சிரோவின் தோழன் ஸெனித்ஸு தொடக்க எபிசோடுகளில் அலறும் அலறல் எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது, அவனைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்வதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமலே தஞ்சிரோவின் தங்கை நெஸுகோ இருக்கும் பெட்டியை அணைத்துக்கொண்டு, அதைத் தாக்க வந்த இனோசுகேயிடம் அடி வாங்குகிறானே, அங்கேதான் அவன் எனக்கு ஒரு மனிதனானான்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு செய்தி. ‘ஜுஜுட்சு கைசென்’ முதல் பருவத்தில் எபிசோட் முடிந்து பாடலும் ஓடியபிறகு ‘ஜுஜு சன்போ’ என்று குட்டியாக ஒரு சிரிப்புத் துணுக்கு வரும். தொடரை எடுத்தவர்களே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். மூலக்கதையை எழுதி வரைந்த அகுதாமி கெகெ பின்பகுதியில் தகாபா என்று ஒரு நகைச்சுவைக் கலைஞனைக் கொண்டுவருகிறார். வேடிக்கை என்று அவன் நம்புவது எதுவோ அது நிஜமாகிவிடும். அதுதான் அவன் ஆற்றல். கதையின் மிகப் பெரிய வில்லன்களில் ஒருவனுக்கு எதிராக அவனை நிறுத்துகிறார். சிரிப்பு அவருக்கு ஊறுகாய் அல்ல.

அடுத்த நாள் காலையில் சிரித்தீர்களே, அதற்கு வருகிறேன். நானாமியின் மரணத்தை நீங்கள் மறந்துவிடவில்லை. பிடித்தவர்கள் நன்றாக இருந்த காலத்துக்கு ஒருமுறை திரும்பிப் போயிருக்கிறீர்கள். இழவு வீட்டிலும் போனவர் அடித்த கூத்தைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள்தான் அவருக்கு மிக நெருக்கமானவர்களாக இருப்பார்கள். உங்கள் தோழிகளோடு அந்தத் துணுக்குகளைத் தொடர்ந்து பார்த்து வாருங்கள்.

ஷிபுயா வரை பார்த்து முடித்துவிட்டதால், முதல் பருவத்தின் 21ஆவது எபிசோடை மறுபடி ஒருமுறை பாருங்கள். 2021 மார்ச்சில் வந்த பேஸ்பால் எபிசோட் அது. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் என்றால் 1924இல் திறக்கப்பட்ட கோஷியென் மைதானம்தான். சாபங்களோடு உயிரைப் பணயம் வைத்த பிள்ளைகள் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு மட்டையோடு நிற்கிறார்கள். மாக்கி வீசிய பந்து டோடோவின் முகத்திலேயே போய் விழுகிறது, சொந்த அணியினரே “நல்ல பந்து!” என்று பாராட்டுகிறார்கள். நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். இந்தமுறை கியோத்தோ அணியின் பந்துவீச்சாளரைக் கவனியுங்கள். அந்த அணியின் மெகாமாருவின் பொம்மை உடலை பாண்டா நொறுக்கிவிட்டதால் அவன் இடத்தில் பந்து வீசும் இயந்திரம் ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். குகிசாகி கத்துவாள், நாமும் சிரித்தோம்.

அந்தப் பொம்மையை எங்கோ தொலைவில் படுத்திருந்து இயக்கியவன் முதா கோகிச்சி. பிறக்கும்போதே வலது கையும் முழங்காலுக்குக் கீழே கால்களும் இல்லாதவன். நிலா வெளிச்சம் பட்டால்கூடத் தோல் எரியும். இரண்டாவது பருவத்தில் அவன் தன் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தது எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். சொந்தக் காலில் நடந்துபோய் நண்பர்கள் எல்லோரையும் நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. உடல் கிடைத்தது, போய்ச் சேருவதற்குள் மஹிதோ என்ற சாபத்தின் கையில் செத்துப்போனான். அந்த மைதானத்தில் எல்லோரும் வெயிலில் ஓடிப் பிடித்துக் கூச்சல் போடுகிறார்கள். நடுவில் அந்த இயந்திரம் மட்டும் நின்ற இடத்தில் நின்று பந்து வீசிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்