விட்டுக்கொடுத்தது யாருடைய நாள்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். சம்பளம் மாதம் 24,000 ரூபாய். போன மாதம் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு விலகினேன். லீவு என்று நான் எடுத்ததே இல்லை. மூன்று வருடம் முன்பு அம்மாவைக் காசிக்குக் கூட்டிப்போக 12 நாள் லீவு கேட்டு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்தேன். ஷிப்மென்ட் இருக்கிறது என்று முதலாளி சொன்னதும் அதையும் விட்டுக்கொடுத்தேன். அடுத்த தை மாதம் அம்மா தவறிவிட்டார். இப்போது லீவுக் காசு கேட்டால், "நீயாகத்தானே எடுக்கலை" என்கிறார். 20,000 ரூபாய் தருவதாகவும் கணக்கு தீர்ந்தது என்று கையெழுத்துப் போடும்படியும் சொல்கிறார். வருடத்துக்கு 15 நாள், 11 வருடத்துக்கு 165 நாள், ஒன்றரை லட்சம் வர வேண்டும். உப்பைத் தின்ற இடத்தின் மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்த ஒன்றரை லட்சத்தை மறந்துவிடுங்கள். லீவுக்கு அவ்வளவு வராது. தொழிற்சாலைச் சட்டப்படி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு. அதில் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடிவது 30 நாள்தான். அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இதே கணக்குதான். ஆக, பழைய பாக்கி 30. இந்த வருடம் 200 நாள் வேலை பார்த்திருந்தால் இன்னொரு 10.

ஆனால் இதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தொழிலாளி முறைப்படி கேட்டு, நிர்வாகம் கொடுக்காத லீவுக்கு அந்த 30 நாள் வரம்பு கிடையாது. எத்தனை வருடமானாலும் கணக்கில் நிற்கும். உங்கள் காசி லீவு அந்த வகை. அதைத்தான் நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில், அதுவும் பெருமையாக, "விட்டுக்கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதிக் கேட்டீர்கள், அவர் கொடுக்கவில்லை. அதற்குப் பெயர் மறுப்பு. விட்டுக்கொடுத்தேன் என்று நீங்களே சொன்னால், "நீயாகத்தானே எடுக்கலை" என்று அவர் சொல்வதற்கு நீங்களே சாட்சி. அது இருக்கட்டும். விட்டுக்கொடுக்க அது உங்களுடையதா? அந்த 12 நாளும் உங்கள் அம்மாவுடையது. போகிறோம் என்று தெரிந்ததும் அவர் தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? பையை எடுத்துத் தூசி தட்டியிருப்பார். அவரைக் கேட்டா விட்டுக்கொடுத்தீர்கள்? கப்பல் ஒரு வாரம் தாமதமானால் மொதலாளிக்குக் கொஞ்சம் நஷ்டம், அவ்வளவுதான். பெற்றவளுக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிவைத்ததை விசுவாசம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

என் அப்பாவும் மில் தொழிலாளிதான். அவருடைய லீவு புத்தகம், ஓரம் மடங்கிய பழுப்பு அட்டை, எங்கள் வீட்டில் ரேஷன் கார்டோடு ஒரே பையில் இருக்கும். எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை நாள் என்று அம்மா அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். லீவு வீட்டுச் சொத்து என்றே நாங்கள் வளர்ந்தோம்.

சரி, கணக்குக்கு வருவோம். 30, 10, 12, மொத்தம் 52 நாள். 24,000-ஐ மாதம் 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 923 ரூபாய். ஏறக்குறைய 48,000 வரும். வேலையை விட்ட இரண்டாவது வேலை நாளுக்குள் இது உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் கிராஜுவிட்டி என்ற சொல்லையே காணோம்! வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை அது. உங்களைப் போல் தொழிற்சாலையில் ஐந்து வருடம் தாண்டியவர்களுக்கு உண்டு. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், 26-ஆல் வகுத்து, 11 வருடம். நீங்கள் லீவுக்கென்று போட்டீர்களே, அதே கணக்கு. 24,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் என்றால் 1,52,000-க்கு மேல் வருகிறது. உங்கள் ஒன்றரை லட்சம் இங்கேதான் இருக்கிறது. இரண்டும் சேர்த்து இரண்டு லட்சம். அவர் 20,000-த்தில் முடிக்கப் பார்க்கிறார்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காசி லீவுக் கடிதத்தின் நகலைத் தேடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால் அந்தப் போனை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். லீவு பதிவேடு வைத்திருக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு, அதைக் காட்டச் சொல்லுங்கள். லீவு பாக்கியையும் கிராஜுவிட்டியையும் தனித்தனியாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் லீவுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை, கிராஜுவிட்டிக்குத் தொழிலாளர் துறை உதவி ஆணையர். கடிதத்தில் "மறுக்கப்பட்ட லீவு" என்றே எழுத வேண்டும், தெரிகிறதா?

உப்புக் கதையையும் விடுங்கள். 11 வருடம் உங்கள் கத்தி வெட்டிய துணிதான் ஷிப்மென்ட் ஆகிப் போனது. அவரும் உங்கள் உப்பைத் தின்றவர்தான்.

பணம் வந்ததும் அந்த 12 நாள் கூலி, சுமார் 11,000 ரூபாய், அதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டோடு காசிக்குப் போய் அம்மாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வாருங்கள். புதுக் கம்பெனியில் சம்பளத்தைப் பிடித்தாலும் பிடிக்கட்டும். ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.