வீட்டு முற்றத்தில் வைக்க ஒரு சின்னக் கணப்படுப்பு: எதை வாங்குவது, ஆபத்தில்லாமல் எப்படிப் பயன்படுத்துவது?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: பின்முற்றம் சின்னது, கல்தளம் போட்டது. சாயங்காலம் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து குளிர்காய வேண்டும். மண்ணா, இரும்பா, கேஸா என்று குழப்பம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் என்றைக்காவது யாராவது பிள்ளைகளோடு வரத்தான் போகிறார்கள்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் தாண்டிப் போக முடியவில்லை. என் இடது புறங்கையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. நெருப்பு எரிந்துகொண்டிருந்தபோது வந்ததல்ல அது. எல்லாம் அணைந்துவிட்டது என்று நினைத்துப் பதினாறு மணி நேரம் கழித்து வந்தது. அதனால் இந்தப் பதிலில் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சமும் சாம்பலைப் பற்றி நிறையவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் வாங்கியது மண் அடுப்பு. சிமினியா என்பார்கள், மெக்சிகோவின் பழைய வடிவம். பானை மாதிரி வயிறு, முன்பக்கம் வாய், மேலே குழல். புகை குழல் வழியாகத் தலைக்கு மேலே போய்விடும். தீ வயிற்றுக்குள்ளேயே இருப்பதால் பொறி பறப்பதும் குறைவு. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். அடியில் மணல் பரப்ப வேண்டும். முதல் நாலைந்து தடவை சுள்ளி மட்டும் போட்டுச் சின்னத் தீயாக எரித்து, தானாக ஆறவிட்டு, மண்ணைப் பழக்க வேண்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றவே கூடாது. மழைக்கு மூடி வைக்க வேண்டும். நான் ஒரு மழை நாளில் மூட மறந்து, மறுநாளே பெரிய கட்டையாக அடுக்கி மூட்டினேன். மண்ணுக்குள் ஊறியிருந்த தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லை. டப் என்று ஒரு சத்தம். குழல் சேரும் கழுத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழுந்தது. ஒரு வாரத்தில் அந்தக் கோட்டுக்குள் நகம் நுழைந்தது. அப்புறம் அதில் தீ மூட்டவில்லை. தினமும் பார்த்துப் பராமரிக்க முடியும் என்றால் மண் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

அடுத்தது இரும்புக் கிண்ணம், ஃபயர் பிட் என்று விற்பது. இப்போதும் என்னிடம் இருப்பது அதுதான், உங்களுக்கும் அதையே சொல்வேன். நாலைந்து பேருக்கு 50, 60 செ.மீ. விட்டம் தாராளம். பெரிதாக வாங்கினால் பெரிதாக மூட்டத் தோன்றும். வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள். தகரச் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள், ஒரு மி.மீ. தகடு சூட்டில் கோணிக்கொள்ளும். 3 மி.மீ. கனம் இருந்தால் வருடக்கணக்கில் நிற்கும். கால்கள் கிண்ணத்தைவிட உள்ளடங்கி இல்லாமல் அகலமாக ஊன்றியிருக்க வேண்டும். ஒரு பிள்ளை ஓடிவந்து இடித்தால் சாயுமா என்று கடையிலேயே ஆட்டிப் பார்த்துவிடுங்கள். மழைத் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை இருக்கிறதா, பொறி தடுக்க வலை மூடி கூடவே வருகிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. துத்தநாகம் பூசிய வாளி, தொட்டியில் ஓட்டை போட்டு அடுப்பாக்குகிறார்கள் சிலர். அதைச் செய்யாதீர்கள், பூச்சு சூடேறி வரும் புகை காய்ச்சல் வரவழைக்கும். வார்ப்பிரும்பு அடுப்பு சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கும், ஆனால் சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் பிளந்துவிடும்.

புகையே வராது என்று விற்கும் இரட்டைச் சுவர் அடுப்புகளும் நல்லவைதான். இரண்டு சுவருக்கும் நடுவில் காற்று சூடாகி ஏறி, விளிம்புக்குக் கீழே இருக்கும் துளைகள் வழியாக வந்து புகையையும் சேர்த்து எரிக்கும். விறகு காய்ந்திருந்தால்தான் அது நடக்கும். ஈர விறகு போட்டால் அதுவும் புகையும்.

கேஸ் அடுப்பில் பொறி இல்லை, சாம்பல் இல்லை. முற்றம் ரொம்பச் சின்னதாக, பக்கத்து வீடு ஒட்டி இருந்தால் அதுதான் சரி. சிலிண்டரில் வரும் புரொப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். மேசை மேல் வைக்கிற, ஆல்கஹால் ஊற்றி எரிக்கிற சின்னக் கிண்ணம். பார்க்க விளக்கு மாதிரி சாதுவாக இருக்கும். அதன் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலைச் சாய்த்தால் தீ பாட்டிலுக்குள் ஏறி, எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் பீச்சியடிக்கும். 2024 டிசம்பரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இவற்றை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்று எச்சரித்தது. 2019 முதல் 2 பேர் இறந்தும் குறைந்தது 60 பேர் காயப்பட்டும் இருக்கிறார்கள் என்று அந்த எச்சரிக்கையிலேயே சொன்னார்கள். பெட்ரோல், ஸ்பிரிட் ஊற்றி விறகு பற்றவைப்பதும் இதே கதைதான்.

இடம் என்று பார்த்தால், சுவர், வேலி, மரக்கிளை, துணிக்கொடி எல்லாவற்றிலிருந்தும் 3 மீட்டர் தள்ளி வையுங்கள். மேலே கூரையோ பந்தலோ இருக்கக் கூடாது. மரத்தளத்தின் மேல் நேரடியாக வைக்கக் கூடாது. ஆற்றுக் கூழாங்கல்லைச் சுற்றி அடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் சூடேறிக் கல் வெடிக்கும். கிளைகள் ஆடும் அளவுக்குக் காற்றடித்தால் அன்றைக்கு மூட்டவே வேண்டாம். குளிர்கிறது என்று கங்கோடு அடுப்பை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ தூக்கி வந்துவிடாதீர்கள். புகை இல்லாத கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார்.

விறகு காய்ந்திருக்க வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பெயிண்ட் அடித்தது, பிளைவுட் எதுவும் கூடாது. பழைய வேலிப் பலகையும் கூடாது. அந்தக் காலத்துப் பலகைகளில் செல்லரிக்காமலிருக்கக் குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை 2003 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் அடித்த பலகைகள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும்.

இனி என் கதை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, பத்து மணி வாக்கில் எல்லோரும் எழுந்துவிட்டோம். நான் மேலே சொன்னதெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தேன். தூரம் சரி, வலை மூடி போட்டிருந்தது, பக்கத்தில் ஹோஸ் இருந்தது. தீ அடங்கிச் சாம்பல்தான் மிச்சம் என்று மூடியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எட்டு மணிக்குக் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. மேலே வெள்ளைச் சாம்பல், மாவு மாதிரி. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “ராத்திரி தண்ணி ஊத்தினியாப்பா?” என்று கேட்டார். “இல்லப்பா, தானே அணைஞ்சிடுச்சு” என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் சாம்பலை வாரிப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். அதில் காய்ந்த இலையும் ஒரு அட்டைப்பெட்டியும் இருந்தன. தொட்டி மரவேலியை ஒட்டி நின்றது.

மதியம் இரண்டு மணிக்கு மனைவி, “என்னங்க, என்னமோ கருகுற வாசனை வருது” என்றாள். போய்ப் பார்த்தால் தொட்டியின் மூடி உள்பக்கமாகத் தொய்ந்து கிடந்தது. ஒரு பக்கச் சுவர் உருகி, நூல் நூலாகத் தரையில் வழிந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டை வழியாக உள்ளே செக்கச் செவேலென்று தெரிந்தது. அதற்குள் வேலியின் அடிப்பலகை இரண்டு பற்றிவிட்டன. தொட்டியை வேலியிலிருந்து நகர்த்த வேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்தது, உருகிய பிளாஸ்டிக் ஒரு சொட்டு புறங்கையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. உதறினாலும் விழவில்லை. மனைவிதான் ஹோஸை இழுத்து வந்து வேலியை நனைத்தாள். என் மகள், எட்டு வயது, குழாயைத் திறந்துவிட ஓடினாள்.

அப்புறம் என் கையைக் குழாயடியில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் வைத்திருந்தோம். ஐஸோ பற்பசையோ எதுவும் வைக்கவில்லை, ஒட்டியிருந்ததைப் பிய்க்கவும் இல்லை. அது ஒன்றைச் சரியாகச் செய்ததாக மருத்துவர் சொன்னார்.

நீறு பூத்த நெருப்பு என்று எத்தனை தடவை பேச்சில் சொல்லியிருப்பேன். உள்ளே கோபத்தை வைத்துக்கொண்டு வெளியே சிரிப்பவரைச் சொல்வோம், அடங்கிப்போன சண்டையைச் சொல்வோம். அது முதலில் நெருப்பைப் பார்த்துச் சொன்ன சொல் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சாம்பல் ஒரு போர்வை. அதற்குள் இருக்கும் கரித்துண்டுக்குக் காற்று கொஞ்சமாகத்தான் போகும், அதனால் மெதுவாக, நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சூடு வெளியே தெரியாது. அதைக் கிளறி வாரிக் கொட்டும்போதுதான் திடீரென்று நிறையக் காற்று கிடைக்கிறது. சாம்பலுக்குள் கங்கு நாலு நாள் வரைகூட உயிரோடு இருக்கும்.

“பத்து வருடமாகப் பிளாஸ்டிக் தொட்டியில்தான் கொட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை” என்று கீழே யாராவது எழுதுவார்கள். உங்களுக்கு ஆகவில்லை என்பதை நம்புகிறேன். எனக்கு ஆனது. நான் தீயணைப்புத் துறைக்காரன் இல்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இன்னும் சிலர், இந்த அடுப்பே தேவையில்லாதது, ஊர்க் காற்றைக் கெடுப்பது என்பார்கள். விறகுப் புகையில் நுண்துகள் இருப்பது உண்மை. பக்கத்து வீட்டில் மூச்சிரைப்பு இருப்பவர் இருந்தால் விறகு அடுப்பே வைக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், மூன்று வருடமாக மனதில் கிடக்கிறது. அன்றைக்கு என் மனைவி ஹோஸோடு போராடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மாடியில் ஒருவர் நின்று செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கத்திக் கூப்பிட்டேன். அவர் போனைத் தாழ்த்தவில்லை. சாயங்காலமே எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் அந்தப் படம் வந்துவிட்டது, அலட்சியத்தின் விளைவு என்று தலைப்போடு. அலட்சியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் என் எட்டு வயது மகள் அழுதுகொண்டே ஓடுவது முழுதாகத் தெரிகிறது. மறுநாள் பள்ளியில் பிள்ளைகள் அதை அவளிடமே காட்டியிருக்கிறார்கள். அழிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லோருக்கும் ஒரு பாடமாக இருக்கட்டுமே என்றார். பாடம் சொல்ல ஒரு வரி எழுதினால் போதும், பிள்ளையின் முகம் எதற்கு? ஒரு வீட்டில் தீ பிடித்தால் வாளியோடு இறங்கி வரவேண்டாம், குறைந்தபட்சம் அந்தப் போனில் தீயணைப்பு நிலையத்துக்காவது அழைக்கலாம். அவர் அதுவும் செய்யவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது நான் செய்வது இது. எழுந்திருப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கட்டை போடுவதை நிறுத்திவிடுகிறேன். பிறகு கங்கைக் கம்பியால் பரப்பி, தண்ணீரைக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கிறேன். ஒரேயடியாக ஊற்றினால் ஆவியும் சாம்பலும் முகத்துக்கு எழும்பும். கிளறுகிறேன், மறுபடி தெளிக்கிறேன். உஸ்ஸென்ற சத்தம் நின்ற பிறகும் ஒரு தடவை கிளறிப் பார்ப்பேன், பெரும்பாலும் இன்னொரு உஸ் கேட்கும். புறங்கையைச் சாம்பலுக்கு மேலே, தொடாமல், பிடித்துப் பார்ப்பேன். மறுநாள் சாயங்காலம்தான் வாருவேன், இறுக்கமான மூடி போட்ட இரும்பு வாளியில். அந்த வாளி வீட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் தள்ளி, வெறும் கல் மேல் நாலு நாள் இருக்கும். அதன் பிறகுதான் குப்பை. மண் அடுப்பும் வார்ப்பிரும்பும் வைத்திருப்பவர்கள் தண்ணீருக்குப் பதில் மணலைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸால் வட்டம் போட்டிருக்கிறேன். மழை அழித்தால் மகளே திரும்பப் போட்டுவிடுகிறாள். தீ எரியும்போது பெரியவர் ஒருவர் எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும். தொங்கும் துப்பட்டா, நைலான் சட்டையோடு யாரும் குனிந்து கட்டை போடக் கூடாது.

ஆக, 3 மி.மீ. இரும்புக் கிண்ணம், வலை மூடி, அதே நாளில் மூடியோடு ஒரு இரும்பு வாளி. வாளி வாங்கும் வரை அடுப்பை அட்டைப்பெட்டியிலிருந்து பிரிக்காதீர்கள். உங்கள் முற்றத்தை அளந்து, சுவர் எந்தப் பக்கம், வேலி மரமா கம்பியா, காற்று எங்கிருந்து வரும் என்று கீழே எழுதுங்கள். எங்கே வைக்கலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.