பாட்டிக்குத் தெரிந்த சுரங்கம்

அன்புள்ள அண்ணா,

கோலார் தங்கவயல் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் ஆண்டர்சன்பேட்டையில் பிறந்தவள். தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறேன். தாத்தா சாம்பியன் ரீஃபில் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். நான் பிறப்பதற்கு முன்பே நெஞ்சு நோயில் இறந்துவிட்டார். அவருடைய பித்தளை டோக்கனும் ஒரு பழைய மருத்துவச் சீட்டும் வீட்டில் இருக்கின்றன. சீட்டில் டிபி என்று எழுதியிருக்கிறது. அப்பா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பாட்டிக்கு 84 வயது. அவர் சுரங்கத்துக்குள் இறங்கியதே கிடையாது, அவருக்கு ஒன்றும் தெரியாது. தாத்தாவைப் பற்றி எழுத ஆசையாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? எங்களைப் போன்ற வீடுகளின் கதையும் வரலாறுதானா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பாட்டிக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்படித்தான் நானும் பல வருடங்களை வீணாக்கினேன். என் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் இருந்தவர். எத்தனை அடி ஆழம், ஒரு டன் பாறைக்கு எவ்வளவு தங்கம் என்று நோட்டும் பேனாவுமாக அவர் முன்னால் உட்காருவேன். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுவார். ஒருநாள் ராத்திரி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார்: “பரண்ல இருந்த அண்டா உருண்டு விழுந்துச்சே, அந்த ராத்திரிய சொல்லேன் அவனுக்கு.”

நம் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். புத்தகங்களில் பாறை வெடிப்பு என்று இருக்கும். தங்கம் இருந்த பாறையை வெட்டி எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் பாறைமீது மேலே உள்ள பாரமெல்லாம் இறங்கி அழுத்தும். தாங்க முடியாத நேரத்தில் அது குண்டு போலச் சிதறும். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். அவ்வளவு ஆழத்தில் வெடிப்பது மேலே லைன் வீடுகளில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீடுகளில் தெரியும். சுவர் விரியும், பாத்திரம் ஆடும். அம்மா பாத்திரம் ஆடிய விதத்தை வைத்தே கிட்டத்திலா தூரத்திலா என்று சொல்லுவார். கிட்டத்தில் என்றால், அடுப்பை அணைத்துவிட்டு, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓட வேண்டும். அங்கே ஏற்கெனவே நாற்பது ஐம்பது பெண்கள் நின்றிருப்பார்கள். யாரும் அழ மாட்டார்களாம். ஆட்களை ஏற்றி வரும் கூண்டான கேஜ் மேலே வருகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியே வருகிற ஆள் யார் என்பது முகத்தில் தெரியாது, தூசியும் எண்ணெயும் அப்பியிருக்கும். நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

அம்மா சொல்லச் சொல்ல அப்பா, “அது அந்த வருஷம் இல்ல, பெரியவன் பொறந்த வருஷம்” என்று குறுக்கே திருத்தினார். அப்புறம் நிறுத்தவே இல்லை. மணி ஒன்றாகிவிட்டது. அன்றைக்குத்தான் என் அப்பாவின் வேலை என்னவென்று எனக்குத் தெரிந்தது.

டோக்கனை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள். உள்ளே இறங்குகிறவன் டோக்கனைக் கொடுத்து விளக்கு வாங்குவான், ஏறியதும் விளக்கைக் கொடுத்து டோக்கனைத் திரும்ப வாங்குவான். டோக்கன் பலகையிலேயே தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பாட்டிக்கு அந்த எண் மனப்பாடமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இனி அந்தச் சீட்டு. அதை மிகவும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாறையைத் துளைக்கும்போது பறக்கும் மணல்தூள் நுரையீரலில் படிந்து இறுகிப்போவதுதான் சிலிகோசிஸ். 1940களில் தங்கவயல் தொழிலாளிகளைச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் அது இருந்தது. சிலிகோசிஸ் வந்த நுரையீரலில் டிபி எளிதாகப் பற்றிக்கொள்ளும். அதனால் சீட்டில் இருப்பது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம், முழு உண்மையாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு நோய்ப் பெயர்களும் வீட்டுக்குள் வேறு வேறு மாதிரி வேலை செய்தன. சிலிகோசிஸ் வேலை கொடுத்த நோய், அதற்கு நஷ்டஈடு கேட்கலாம். டிபி என்றால் தட்டு தனி, டம்ளர் தனி, பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது. உங்கள் அப்பா சிறுவனாக அந்தத் தனித் தட்டைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அவரை வற்புறுத்தாதீர்கள். தாத்தா எத்தனை வருடம் துளைபோடும் வேலையில் இருந்தார், இருமல் எப்போது தொடங்கியது என்று பாட்டியிடம் கேளுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நம் ஊர் வரலாறு என்றால் 1880இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனி, பங்களா, கிளப், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம் என்றுதான் எழுதுகிறார்கள். பெங்களூருக்கு முன்னால் நமக்குக் கரண்ட் வந்தது என்று நாமும் பெருமையாகச் சொல்கிறோம். சரி, உங்கள் பாட்டி வாழவந்த லைனில் எந்த வருடம் பல்பு எரிந்தது? இதைக் கேட்டு எழுதினால் அந்த வரலாற்றில் விட்டுப்போன பக்கம் கிடைக்கும்.

வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து மூங்கில் தட்டி வீட்டில் குடியேறியவர்கள் நம் முன்னோர். அவர்களில் மிகப் பலர் சேரியிலிருந்து வந்தவர்கள். சாதியை எதிர்த்து எழுதிய பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு இங்கே மாரிகுப்பத்தில் கிளை வைத்தார்கள். அவர் 1914இல் மறைந்த பிறகு, அவருடைய ‘தமிழன்’ இதழ் தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. 1930இல் எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, நாங்கள் திருடர்களா என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். பகலெல்லாம் பூமிக்குள் இருந்தவர்கள் மேலே வந்து படித்தார்கள், அச்சடித்தார்கள், போராடினார்கள். உங்கள் வீட்டுக் கதை இவர்களுடைய கதையின் தொடர்ச்சிதான்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். சுரங்கச் சங்கின் சத்தத்தைக் கேட்டே இராத ஒரு தலைமுறை இப்போது உங்களோடு பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டு போகிறது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவுமண்ணான சயனைடு மேடுகள் அப்படியே இருக்கின்றன, ஆடிக் காற்றில் இன்னும் வீட்டுக்குள் வெள்ளைத் தூசி வருகிறது. ஆனால் ஷாஃப்ட் வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். என் அம்மா போய் ஆறு வருடமாகிறது. அந்த ராத்திரிப் பேச்சை நான் பதிவு செய்யவில்லை. குரல் இல்லை, என் ஞாபகம்தான் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் பதிவைப் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். சுரங்கம் பற்றிக் கேட்காதீர்கள். தாத்தா ராத்திரி ஷிஃப்டுக்கு என்ன சோறு கட்டிக்கொண்டு போனார் என்று கேளுங்கள். பாட்டி சொல்வதை அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள், நம் தமிழைத் திருத்த வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்