திறமையா, உழைப்பா? என்பிஏ பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

தொழில்முறை கூடைப்பந்தில் மேலே வருவதற்கு எது முக்கியம், பிறவித் திறமையா உழைப்பா என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டங்களைப் பல வருடங்களாகக் கூர்ந்து பார்த்தவன், சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எது பெரிது?

உள்ளே போவதற்குப் பிறவியில் கிடைத்தது. உள்ளே போன பிறகு உழைப்பு.

என்பிஏவில் 30 அணிகள். ஓர் அணியில் முழு ஒப்பந்தம் 15 பேருக்குத்தான். மொத்தம் 450 இடங்கள், அதற்கு உலகம் முழுவதிலுமிருந்து போட்டி. ஒவ்வொரு வருடமும் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் நிகழ்ச்சியில், அதிகபட்சம் 60 பேரைத்தான் எடுப்பார்கள். அங்கே ஆடுகிறவர்களின் சராசரி உயரம் கிட்டத்தட்ட 6 அடி 6 அங்குலம். பெரும்பாலானவர்களுக்குக் கை விரிப்பு உயரத்தையும் தாண்டி நீளும். இதையெல்லாம் யாரும் பயிற்சி செய்து வாங்க முடியாது. ஆனால் அந்த 450 பேரில் எல்லாருக்குமே இது இருப்பதால், உள்ளே போனதும் அதற்குத் தனி மதிப்பு போய்விடுகிறது. அங்கிருந்து யார் பத்து வருடம் நிற்கிறார், யார் இரண்டு வருடத்தில் வெளியேறுகிறார் என்பதில் உழைப்பும் உடல்நலமும்தான் பெரும்பங்கு.

மைக்கேல் ஜோர்டனையே பள்ளி அணியிலிருந்து தூக்கிவிட்டார்களாமே? அவர் உழைத்துத்தானே வந்தார்?

அந்தக் கதையில் பாதியைத்தான் சொல்கிறார்கள். நடந்தது 1978இல், வட கரோலினாவின் வில்மிங்டன் ஊரில், லேனி உயர்நிலைப் பள்ளியில். அவரைத் துரத்திவிடவில்லை, இளையோர் அணியில் போட்டார்கள். பெரிய அணிக்கு உயரமான ஆள் தேவைப்பட்டது. அதனால் அவர் வகுப்பிலிருந்து 6 அடி 7 அங்குலம் இருந்த லெராய் ஸ்மித்தை எடுத்துக்கொண்டார்கள். ஜோர்டன் அப்போது 5 அடி 10 அங்குலம்தான் இருந்தார்.

அவமானம் தாங்காமல் வெறியோடு பயிற்சி செய்தார் என்பது உண்மை. அதே சமயத்தில் அவர் வளர்ந்தார் என்பதும் உண்மை. கடைசியில் 6 அடி 6 அங்குலம். அந்த எட்டு அங்குலம் வராமல் போயிருந்தால் அந்த வெறி அவரை எதுவரை கொண்டு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதை மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 6 அடி 6 அங்குல உயரமும் அபார குதிப்பும் உள்ளவர்கள் அந்தக் காலத்திலும் பலர் இருந்தார்கள். ஆனால் ஆறு என்பிஏ பட்டங்களை வென்றவர் அவர், அங்கேதான் அந்த உழைப்பு தெரிகிறது.

மக்ஸி போக்ஸ் வெறும் 5 அடி 3 அங்குலம். 14 சீசன் ஆடினார். அப்புறம் உயரம் உயரம் என்கிறீர்களே?

எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். 1987 டிராஃப்டில் 12ஆவது இடத்தில் எடுக்கப்பட்டார். சார்லட் ஹார்னெட்ஸ் அணியின் வரலாற்றில் அதிக அசிஸ்ட் (சக வீரர் கூடையில் போட வழிசெய்யும் பாஸ்) கொடுத்தவரும் அவர்தான்.

ஆனால் அவரிடம் திறமை இல்லை என்று யார் சொன்னது? அந்தக் கால்வேகமும் கைவேகமும் லட்சத்தில் ஒருவருக்கு வாய்ப்பது. எதிராளி பந்தைத் தட்டும்போது அது தரையிலிருந்து மேலே வருவதற்குள் பறித்துவிடுவார். உயரம் ஒன்றுதான் திறமை என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. 5 அடி 9 அங்குலம் இருந்த ஐசேயா தாமஸும் அப்படித்தான். 2011 டிராஃப்டில் கடைசி ஆளாக, 60ஆவதாக எடுக்கப்பட்டவர். 2016-17 சீசனில் பாஸ்டனுக்கு ஆடி, ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி எடுத்தார். பிறகு இடுப்புக் காயம் வந்தது, பழைய வேகம் திரும்பவே இல்லை.

ஸ்டெஃபன் கறி சார் பற்றிச் சொல்லுங்கள். அவர் உழைப்பாளியா, பிறவி மேதையா?

இந்த விவாதத்தில் இரு தரப்பும் தங்கள் பக்கம் இழுக்கிற பெயர் இது. இரு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது.

அப்பா டெல் கறி, 16 சீசன் என்பிஏவில் ஆடியவர், அதுவும் தூரத்திலிருந்து போடுவதில் பெயர் எடுத்தவர். அம்மா கல்லூரியில் வாலிபால் ஆடியவர். சிறுவனாக இருக்கும்போதே என்பிஏ ஆட்டக்காரர்களுக்கு நடுவில் நின்று பந்து போட்டுப் பழகியவர் கறி. ரத்தத்தில் வந்தது எவ்வளவு, வீட்டில் கிடைத்தது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி உழைப்புக்கு வருவோம். பள்ளியில் அவர் குள்ளமாக, ஒல்லியாக இருந்தார். பந்தை இடுப்புக்குப் பக்கத்திலிருந்து எறிவார். பெரிய பசங்கள் தடுத்துவிடுவார்கள் என்று அப்பா அவருடைய ஷாட்டையே பிரித்து, தலைக்கு மேலிருந்து விடும்படி மாற்றினார். அந்தக் கோடை முழுவதும் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகூடச் சரியாகப் போட முடியாமல் தவித்திருக்கிறார். நன்றாக வந்துகொண்டிருக்கும் ஒரு பழக்கத்தைக் கலைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க ஒரு பள்ளிப் பையனுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! என்னைக் கேட்டால் கறியின் உழைப்பில் மிகப் பெரியது அந்தக் கோடைதான்.

பெரிய கல்லூரிகள் எடுக்கவில்லை, டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார். 2009இல் ஏழாவதாக எடுக்கப்பட்டார். கணுக்காலில் அறுவைச் சிகிச்சைகள். 2015-16இல் ஒரே சீசனில் 402 த்ரீ பாயின்டர் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்). அதற்கு முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதே. 2021 டிசம்பர் 14 அன்று நியூயார்க்கில் வாழ்நாள் த்ரீ பாயின்டர் சாதனையான ரே ஆலனின் 2,973 என்ற மொத்தக் கணக்கையும் தாண்டினார்.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யார் வேண்டுமானாலும் நிபுணர் ஆகலாம் என்கிறார்களே?

அந்தக் கணக்கு உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அது பெர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பற்றியது. அதில் சிறந்த குழு 20 வயதுக்குள் சராசரியாக அவ்வளவு நேரம் பயிற்சி செய்திருந்தது. அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் ஆகலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

புருக் மெக்னமாரா குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விளையாட்டில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் சுமார் 18 சதவீதத்தைத்தான் பயிற்சி நேரத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. உச்ச நிலை ஆட்டக்காரர்களை மட்டும் எடுத்தால் ஒரு சதவீதம்தான். இதைப் படித்துவிட்டுப் பயிற்சி வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உச்சத்தில் எல்லாருமே ஏராளமாகப் பயிற்சி செய்தவர்கள். அதனால் அவர்களுக்குள் அந்த வகையில் வித்தியாசம் குறைவு, எண்ணும் சின்னதாக வருகிறது. 18 சதவீதம் என்பதும் சின்ன எண் இல்லை.

முழுக்க முழுக்க உழைப்பால் வந்தது என்று ஏதாவது ஒன்றைக் காட்ட முடியுமா?

முடியும். 2013 ஜூன் 18, மயாமி. இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். மயாமிக்கு எதிராக சான் அன்டோனியோ அணி மூன்று புள்ளி முன்னிலை, ஜெயித்தால் பட்டம் அவர்களுக்கு. கோப்பையைக் கொடுப்பதற்காக ஆடுகளத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் போட்ட த்ரீ தவறுகிறது. அவர் அணியின் கிறிஸ் போஷ் ரீபவுண்ட் எடுக்கிறார், அதாவது தவறித் திரும்பிய பந்தைப் பிடிக்கிறார். கூடைக்கடியில் இருந்த ரே ஆலன் பின்னோக்கியே ஓடி வலது மூலைக்குப் போகிறார். கீழே பார்க்கவே இல்லை. பந்து வருகிறது, போடுகிறார், உள்ளே. மீதி 5.2 விநாடி. ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என்று வென்றது, ஏழாவது ஆட்டத்தையும் வென்று பட்டம் வாங்கியது.

அந்த ஓட்டத்தை அவர் பல வருடங்களுக்கு முன், மில்வாக்கியில் ஆடிய காலத்திலேயே தனியாகப் பழகியிருக்கிறார். கூடைக்குக் கீழே தரையில் படுப்பார். சட்டென எழுந்து, பின்னோக்கி மூலைக்கு ஓடுவார். கோச் பந்தை எறிவார். கோட்டை மிதிக்காமல் நின்று போட வேண்டும். மூலையில் த்ரீ பாயின்ட் கோட்டுக்கும் எல்லைக் கோட்டுக்கும் நடுவில் சுமார் மூன்றடிதான் இருக்கும், இரண்டு பெரிய பாதங்களுக்கு அது நெருக்கமான இடம். இப்படி ஒரு நிலைமை ஆட்டத்தில் வருமா வராதா என்று தெரியாமலேயே அதற்குத் தயாரானார். தனக்கு இது கடவுள் கொடுத்த வரம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வராமல் எப்படி இருக்கும்?

பொதுவாகவே தூரத்திலிருந்து போடுவது கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். 7 அடி உயர புரூக் லோபஸ் முதல் எட்டு சீசனில் சேர்த்து மூன்றே மூன்று த்ரீ போட்டிருந்தார். 2016-17இல் மட்டும் 134.

அப்படியானால் ஷாக் ஏன் ஃப்ரீ த்ரோ கற்றுக்கொள்ளவில்லை?

யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடும் ஃப்ரீ த்ரோவில் ஷாகீல் ஓ'நீலின் மொத்தச் சராசரி 52.7 சதவீதம். அவர் கைக்குப் பந்து மிகச் சிறியது, சிறுவயதில் மணிக்கட்டு முறிவும் உண்டு. கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவில் வரும் என்று பொருளில்லை. அது இல்லாமலே நான்கு பட்டம் வென்றார். அவ்வளவு பலம் இருந்தால் ஒரு குறையை ஆட்டம் பொறுத்துக்கொள்கிறது.

ரீபவுண்ட் எடுப்பது வெறும் முனைப்புதானே? ரோட்மனைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

டென்னிஸ் ரோட்மன் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு சீசன் ரீபவுண்டில் முதலிடம். 6 அடி 7 அங்குலம்தான், கூடைக்கடியில் ஆடுகிறவர்களுக்கு அது குறைவு. முனைப்பு நிறைய இருந்தது. கூடவே மூளையும் இருந்தது. பயிற்சி நேரத்தில் சக வீரர்கள் போடுவதை நின்று பார்த்து, யாருடைய பந்து எப்படிச் சுழல்கிறது, தவறினால் எந்தப் பக்கம் விழுகிறது என்று மனதில் ஏற்றிக்கொள்வார். அதனால் மற்றவர்கள் குதிக்கும்போது அவர் ஏற்கெனவே அந்த இடத்தில் இருப்பார்.

இவரிடமும் பிறவிக் கொடை உண்டு. பள்ளி முடிக்கும்போது 6 அடிகூட இல்லை. டல்லஸ் விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்த காலத்தில்தான் கிடுகிடுவென வளர்ந்தார்.

முதல் இடத்தில் எடுக்கப்பட்டும் காணாமல் போனவர்கள் சோம்பேறிகளா?

அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. 2007இல் முதலிடம் கிரெக் ஓடன். முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை, மொத்தமே 105 ஆட்டம். இரண்டாவதாக எடுக்கப்பட்ட கெவின் டுரான்ட் 2014இல் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஆனார். ஓடனின் முழங்காலை உழைப்புக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

2013இல் முதலிடம் ஆன்டனி பெனட், நான்கு சீசன், சராசரி 4.4 புள்ளி. அதே டிராஃப்டில் 15ஆவது யானிஸ் அன்டெட்டோகும்போ, ஏதென்ஸ் தெருக்களில் பொருள் விற்று வளர்ந்த பையன், கிரேக்க இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தவர். 2021இல் பட்டம் வென்ற கடைசி ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தார். அதுவரை கேலிக்கு ஆளான அவருடைய ஃப்ரீ த்ரோ அன்று 19க்கு 17. தேர்வு செய்கிறவர்களால் உடலை அளக்க முடிகிறது. ஐந்து வருடம் கழித்தும் ஒருவர் எவ்வளவு மெனக்கெடுவார் என்பதை அளக்க அவர்களிடம் கருவி இல்லை.

யோகிச் ஓடுவதும் இல்லை, குதிப்பதும் இல்லை. அவர் எப்படி?

நிகோலா யோகிச்சிடம் இருப்பது பார்வை. பத்துப் பேர் எங்கே இருக்கிறார்கள், அடுத்த நொடி எங்கே இருப்பார்கள் என்று தெரிவது. இதைப் பயிற்சியால் ஓரளவு கூர்மையாக்கலாம், அவர் அளவுக்கு வராது. 2014 டிராஃப்டில் 41ஆவதாக எடுத்தார்கள், அந்த நேரம் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு 2021, 2022, 2024இல் எம்விபி, 2023இல் பட்டம். உடம்பைக் கொண்டு மட்டும் திறமையை எடைபோட்டதால் வந்த தவறு அது. ஆட்டம் முடிந்த இரவே எடைப்பயிற்சி செய்கிற ஆள் அவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

சத்னாம் சிங்கிடம் 7 அடி 2 அங்குலம் இருந்தது. ஏன் முடியவில்லை?

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துப் பையன். இந்தியாவில் பிறந்தவர்களில் முதன்முதலாக டிராஃப்ட் ஆனவர், 2015இல் டல்லஸ் அணி 52ஆவதாக எடுத்தது. என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. உழைப்புக் குறைவு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சரியாக அந்த வருடங்களில் ஆட்டமே மாறியது. கூடைக்கடியில் நிற்கும் கனத்த சென்டர்களைவிட, வெளியே வந்து த்ரீ போடவும், பந்தைத் தட்டிக் கொண்டுவரும் வேகமான கார்டுகளைத் துரத்தவும் தெரிந்தவர்களை அணிகள் தேடின. பதினான்கு வயதில்தான் அமெரிக்கா போய் அந்த ஊர் ஆட்டத்தைப் பழகத் தொடங்கியவருக்கு அது பெரிய தடை.

என் மகனுக்கு 13 வயது. குள்ளமாக இருக்கிறான், திறமை இல்லை என்று கோச் சொல்கிறார். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள் அம்மா. 13 வயதில் உயரத்தை வைத்து யாரும் தீர்ப்பு சொல்லக் கூடாது. இப்போது அவனுக்கு வேண்டியது இடது கையால் பந்து தட்டுவது, கால் வைக்கும் முறை, ஒழுங்கான ஷாட், பாஸ். உயரம் பிறகு வந்தால் இவை எல்லாம் இரட்டிப்புப் பயன் தரும், வராவிட்டாலும் கார்டாக ஆட உதவும். என்பிஏ என்ற சொல்லை மட்டும் அவன் தலையில் வைக்காதீர்கள். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம் இருக்கிறது, ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை), இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற நிறுவனங்களின் அணிகள் இருக்கின்றன. அந்த கோச் தொடர்ந்து இப்படியே பேசினால் ஆளை மாற்றுங்கள்.

டிவியில் பார்க்கும்போது உழைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

பந்தைப் பார்க்காதீர்கள். ஷாட் தவறியதும் யார் முதலில் எதிராளியை முதுகால் மறித்து நிற்கிறார், பந்தை இழந்தவுடன் கை விரித்து ரெஃபரியிடம் முறையிடாமல் யார் திரும்பி ஓடுகிறார் என்று பாருங்கள். முடிந்தால் ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியான நான்காவது குவார்ட்டரில் பாருங்கள், எல்லாருக்கும் மூச்சு வாங்கும் நேரம் அது.